வாசலில் யாராவது நிற்கிறார்களா?

என் அப்பாவிடம் நான் எதையும் மறைத்ததில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் 2018 ஜூன் மாதம், ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு பீர் ஆலைக்குள் உட்கார்ந்திருந்தபோது, மறைக்கலாமா வேண்டாமா என்று ஐந்து நிமிடம் யோசித்தேன். அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பினாங்கில் நான் வேலை செய்யும் தொழிற்சாலை என்னை இரண்டு வாரப் பயிற்சிக்கு சுவீடன் அனுப்பியிருந்தது. முதல் வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை. பயிற்சிப் பொறுப்பாளர் அறுபதை நெருங்கும் அம்மையார். "இன்று எல்லாரும் சேர்ந்து வெளியே சாப்பிடுவோம். தண்ணீர் ஓரமாக நல்ல இடம் ஒன்று இருக்கிறது" என்றார். என்ன இடம் என்று கேட்டேன். "பீர் ஆலை. அங்கேயே உணவகமும் உண்டு" என்றார் சாதாரணமாக.

எனக்குப் பகீரென்றது.

காரணம் இருக்கிறது. சுங்கைப்பட்டாணியில் உள்ள எங்கள் வீட்டுக்குள் இதுவரை மது பாட்டில் நுழைந்ததில்லை. தீபாவளிக்கு வரும் மாமன் மச்சான்களுக்கும் அதே சட்டம்தான். கல்யாண வீட்டில் பின்பக்கம் கார் நிறுத்தும் இடத்தில் பாட்டில் திறக்கிற சத்தம் கேட்டால் போதும், அப்பா மொய்யை எழுதிவிட்டு, சாப்பிடாமலேயே எங்களைக் கிளப்பிக்கொண்டு வந்துவிடுவார். சிறு வயதில் எனக்கு அது கோபமாக இருக்கும். பிரியாணி போச்சே என்ற கோபம்.

வேலைக்குச் சேர்ந்த பிறகு என் பங்குக்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்பெனி விருந்துகளில் யாராவது கிளாஸை நீட்டினால், "மருந்து சாப்பிடுகிறேன், ஒத்துக்கொள்ளாது" என்பேன். அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஐந்து வருடமாக நான் மாறாத நோயாளி. வேண்டாம் என்று மட்டும் சொல்ல வாய் வந்ததில்லை. ஏன், எதற்கு, மதமா, கட்டுப்பாடா, இந்தக் காலத்திலும் இப்படியா என்று கேட்பார்களே என்ற பயம். பெண் பிள்ளை என்பதால் குடித்தாலும் பேச்சு, குடிக்காவிட்டாலும் பேச்சு.

அன்றைக்கும் அந்த மருந்துப் பொய்யைப் பையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

ஸ்டாக்ஹோம் தீவுகளால் ஆன நகரம். சோடர்மால்ம் தீவின் தென்பக்கக் கரையிலிருந்து ஒரு சிறிய படகு ஹம்மர்பி ஏரியின் மறுகரைக்குப் போய் வருகிறது. டிக்கெட் கிடையாது, இலவசம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருபவர்கள், பிள்ளைத் தள்ளுவண்டியோடு வரும் அப்பாக்கள், காய்கறிப் பையோடு பாட்டிகள் என்று நம் பட்டர்வொர்த் ஃபெரியின் குட்டித் தங்கை மாதிரி இருந்தது. சில நிமிடங்களில் அக்கரை.

அந்தக் கரைக்கு ஹம்மர்பி ஷோஸ்டாட் என்று பெயர். ஒரு காலத்தில் தொழிற்சாலைகளும் பட்டறைகளும் அழுக்கேறிய மண்ணுமாகக் கிடந்த பகுதி. 2004 ஒலிம்பிக்கை ஸ்டாக்ஹோமுக்குக் கொண்டுவர முயன்றபோது இதை விளையாட்டு வீரர்களின் குடியிருப்பாக மாற்றத் திட்டம் போட்டார்கள். ஒலிம்பிக் ஏதென்ஸுக்குப் போய்விட்டது. திட்டத்தை மட்டும் இவர்கள் விடவில்லை. சுற்றுச்சூழலுக்கு உகந்த குடியிருப்பாக அதைக் கட்டி முடித்தார்கள். இங்கே குப்பை லாரி வீடு வீடாக வருவதில்லை. வாசலில் உள்ள குழாய் வாயில் குப்பையைப் போட்டால், நிலத்தடிக் குழாய் வழியாகக் காற்றே அதை உறிஞ்சிக்கொண்டு போய்விடுகிறது.

படகுத் துறைக்குப் பக்கத்தில்தான் அந்தக் கட்டடம். 1930ஆம் ஆண்டு வாக்கில் கட்டப்பட்ட லூமா பல்புத் தொழிற்சாலை. அதன் கதையை அம்மையார் நடந்துகொண்டே சொன்னார். அந்தக் காலத்தில் உலகின் பெரிய பல்பு நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து விலையைத் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டன. பல்பு 1,000 மணி நேரத்துக்கு மேல் எரியக்கூடாது என்றுகூட ஒப்பந்தம். சுவீடனின் கூட்டுறவுச் சங்கங்கள் இதைப் பொறுக்காமல் சொந்தமாக ஆலை தொடங்கி, பல்பு விலையை இறக்கிக் காட்டின. தொழிலாளர்கள் காசு சேர்த்துக் கட்டிய ஆலை! நம் தோட்டப்புறத்துக் கூட்டுறவுச் சங்கங்களின் நினைவு எனக்கு வந்தது.

அந்த லூமா வளாகத்தில்தான் 2014இல் 'நியா கார்னகி' என்ற பீர் ஆலை திறக்கப்பட்டது. 'நியா' என்றால் புதிய. பழைய கார்னகி யார்? டேவிட் கார்னகி என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1836இல் கோத்தன்பர்க் நகரில் ஒரு மது ஆலையை வாங்கி, 'போர்ட்டர்' என்ற கறுப்பு பீர் காய்ச்சத் தொடங்கினார். அந்தப் பெயர் இன்றும் விற்பனையில் இருக்கிறது. அதைப் புதுப்பிக்க, நியூயார்க்கின் புரூக்ளின் நிறுவனமும், நம் ஷா ஆலாமில் ஆலை வைத்திருக்கும் அதே கார்ல்ஸ்பெர்க்கின் சுவீடன் கிளையும் சேர்ந்து இந்தச் சிறிய ஆலையைத் தொடங்கின.

உள்ளே போனதும் முதலில் என்னைத் தொட்டது வாசனைதான். மது வாடை வரும் என்று மூக்கைச் சுருக்கிக்கொண்டு போனேன். வந்ததோ ஹார்லிக்ஸ் கலக்குகிற வாசனை! முளைகட்டி வறுத்த பார்லியை வெந்நீரில் ஊறவைத்திருக்கிறார்கள், அதுதான் என்றார் ஆலையைச் சுற்றிக் காட்டிய இளைஞர்.

அவர் விளக்கியதை ஓர் இல்லத்தரசியின் மொழியில் சொல்கிறேன். பார்லியை முளைகட்டி, காயவைத்து, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அந்த இனிப்புத் தண்ணீரை வடித்து, 'ஹாப்ஸ்' என்ற கொடியின் பூக்களைப் போட்டுக் கொதிக்க வைக்கிறார்கள். கசப்பும் மணமும் அதிலிருந்துதான் வருகின்றன. பிறகு ஆறவைத்து ஈஸ்ட் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுவாக மாற்றுகிறது. நன்றாகக் கருக வறுத்த பார்லியைச் சேர்த்தால் பீர் கறுப்பாகிறது. அதுதான் போர்ட்டர். நாம் இங்கே ஸ்டவுட் என்று சொல்வது அதன் தம்பி.

"இதில் கஷ்டமான வேலை எது?" என்று கேட்டேன்.

"கழுவுவது" என்று சிரித்தார் இளைஞர். "பாதி நாள் தொட்டி கழுவிக்கொண்டுதான் இருப்போம். வெளியிலிருந்து ஒரு கிருமி உள்ளே போனாலும் மொத்தமும் புளித்துவிடும்."

எனக்குப் பாட்டி சொன்ன கள் ஞாபகம் வந்தது. தென்னம்பாளையில் கட்டிய முட்டியில் சொட்டும் பாலுக்கு ஈஸ்ட் யாரும் சேர்ப்பதில்லை. காற்றில் இருப்பதே போதும். காலையில் இனிப்பு, மதியம் போதை, மறுநாள் காடி. இங்கே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், பளபளக்கும் எஃகுத் தொட்டிகளில் வெப்பநிலை பார்த்துச் செய்கிற அதே வேலையை, அங்கே வெயிலும் காற்றும் சேர்ந்து செய்தன.

பெடோங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பாட்டியும் தாத்தாவும் பால் வெட்டினார்கள். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை. தோட்ட நிர்வாகமே நடத்திய கடை. கூலியைக் கொடுத்த கையே மாலையில் அதை வாங்கிக்கொண்டது. கடையின் லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கு என்று தனியாகக் கணக்கு எழுதினார்கள். குடித்தவன் காசில் குழந்தைகளுக்கு நலன்!

இதை நம் மக்கள் சும்மா ஏற்றுக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1941 கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளுக்கு முன் மறியல் செய்தார்கள். 1947இல் பெடோங் வட்டாரத்தில் போலீசாரோடு மோதல் நடந்து, உயிர் போனது வரை அந்தக் கதை நீளும். பாட்டி அதைப் பார்த்தவர். "பொம்பளைங்க நாங்க விளக்கமாத்தோட நின்னோம்" என்று சொல்லும்போது அவர் கிழட்டு முகத்தில் ஒரு மிடுக்கு வரும். ஆனாலும் தாத்தா குடிப்பதை அவரால் நிறுத்த முடியவில்லை.

சுற்றிப் பார்த்துவிட்டு மேசைக்கு வந்தோம். பெரிய சன்னல்கள், வெளியே தண்ணீர். மாலை ஐந்து மணிக்கும் நம் ஊர் பதினோரு மணி வெயில் மாதிரி வெளிச்சம். ஜூனில் அங்கே பத்து மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. வெந்தயக்கீரை மாதிரி இருக்கும் 'டில்' தூவிய புது உருளைக்கிழங்கும் மீனும் சொன்னேன். காரம் இல்லை, ஆனால் மீன் அவ்வளவு புதுசு.

பரிமாறும் பெண் குடிக்க என்ன வேண்டும் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். நான் மருந்துப் பொய்யைத் தயாராக நாக்கில் வைத்திருந்தேன். என்னிடம் வந்ததும் அவள் கேட்டது இவ்வளவுதான்: "மதுவுடனா, மது இல்லாமலா?"

"இல்லாமல்" என்றேன்.

"சரி" என்று எழுதிக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டாள். மேசையில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து வருடமாக நான் சுமந்த பொய்க்கு அங்கே வேலையே இல்லாமல் போயிற்று.

எனக்கு அடுத்திருந்த அம்மையாரும் "இல்லாமல்" என்றுதான் சொன்னார். அவருக்கு அது 'வெள்ளை மாதம்'. அந்த மாதம் முழுவதும் மதுவைத் தொடுவதில்லை என்று தனக்குத்தானே எடுத்துக்கொண்ட உறுதி. சுவீடனில் பலரும் இப்படி ஒரு மாதம் வைப்பதுண்டாம். நம்மவர்கள் புரட்டாசி மாதம் கவிச்சியை ஒதுக்குவது மாதிரி என்று நினைத்துக்கொண்டேன்.

நான் ஏன் குடிப்பதில்லை என்று அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். தோட்டம், கள்ளுக்கடை, பாட்டியின் விளக்கமாறு எல்லாம் சொன்னேன். அவர் கத்தியையும் முள்ளையும் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எங்கள் கதையும் இதுதான்" என்று தொடங்கினார்.

ஒரு காலத்தில் சுவீடனில் வீட்டுக்கு வீடு சாராயம் காய்ச்சியிருக்கிறார்கள். நாடே தள்ளாடியதாம். 1860இல்தான் வீட்டில் காய்ச்சுவதற்கு முழுத்தடை வந்தது. 1865இல் கோத்தன்பர்க் நகரம் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. சாராயக் கடைகளை ஒரே நிறுவனம் நடத்தும், முதலாளிக்குச் சிறிய லாபம் மட்டும், மீதி நகரத்துக்கு. விற்பவனுக்கு நிறைய விற்கும் ஆசை வரக்கூடாது என்பதே யோசனை. பிறகு இவான் பிராட் என்ற மருத்துவர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். ரேஷன் புத்தகம் மாதிரி ஆளுக்கொரு மதுப் புத்தகம். வாங்குகிற ஒவ்வொரு பாட்டிலுக்கும் அதில் முத்திரை. கல்யாணமான பெண்களுக்குப் பெரும்பாலும் புத்தகமே கிடையாது, கணவன் பெயரில்தான்.

1922இல் மதுவை முழுவதும் தடை செய்யலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடத்தினார்கள். ஆண்கள் வாக்கையும் பெண்கள் வாக்கையும் தனித்தனியாக எண்ணினார்கள். பெண்களில் பெரும்பான்மையினர் தடை வேண்டும் என்றார்கள். ஆண்களில் பெரும்பான்மையினர் வேண்டாம் என்றார்கள். மொத்தத்தில் ஏறத்தாழ 51க்கு 49 என்ற கணக்கில் தடை தோற்றது.

"என் பாட்டி தடைக்கு வாக்களித்தார். தாத்தா எதிர்த்து வாக்களித்தார். அன்று வீட்டில் சமையல் நடக்கவில்லையாம்" என்று சிரித்தார் அம்மையார்.

மதுப் புத்தகம் 1955இல் ஒழிந்தது. அதன் இடத்தில் வந்தது 'சிஸ்டம்போலகெட்' என்ற அரசாங்கக் கடை. அப்போதெல்லாம் 3.5 விழுக்காட்டுக்கு மேல் மது உள்ள எதையும் வீட்டுக்கு வாங்கிப் போக வேண்டுமென்றால் அங்கேதான் போக வேண்டியிருந்தது. இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும். சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள், ஞாயிறு திறப்பதே இல்லை. இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம் என்ற பேச்சுக்கே இடமில்லை. உணவகத்தில் குடிக்கலாம், ஆனால் விலை கடிக்கும். அன்று எங்கள் மேசையில் ஒரு கிளாஸ் பீர் நம் கணக்கில் 35 வெள்ளிக்கு மேல்.

அங்கும் லாபம் பொதுப்பணம் ஆனது, எங்கள் தோட்டத்திலும் லாபம் தொழிலாளர் நலனுக்கு என்றுதான் எழுதினார்கள். ஒரே கணக்குப் புத்தகம் போலத்தான் தெரிகிறது. ஆனால் அங்கே, குடிப்பவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் சேர்ந்து வாக்களித்துச் சண்டை போட்டு ஒரு வழி கண்டார்கள். எங்கள் பாட்டியிடம் யாரும் வாக்குக் கேட்கவில்லை. அவரிடம் இருந்தது விளக்கமாறு மட்டும்தான்.

அப்போதுதான் கைப்பேசி அடித்தது. அப்பா. நம் ஊரில் இரவு மணி பதினொன்றைத் தாண்டியிருக்கும். நான் பேசாமல் அவர் தூங்கமாட்டார். எடுக்காமல் விட்டுவிட்டு அறைக்குப் போய்ப் பேசலாமா? எடுத்து, "சாப்பாட்டுக் கடையில் இருக்கேன்" என்று பாதி உண்மையைச் சொல்லலாமா? அடித்து ஓய்ந்தது. நான் கேட்டதே இல்லாத பொய்யை அன்றுதான் மேசையில் இறக்கி வைத்திருந்தேன். அதை மறுபடி கையில் எடுக்க மனம் வரவில்லை. வெளியே படகுத் துறைக்கு வந்து நானே வீடியோவில் அழைத்தேன்.

"அப்பா, நான் ஒரு பீர் ஆலையில் இருக்கேன். எல்லாரும் சாப்பிட வந்தோம். நான் குடிக்கல."

அந்தப் பக்கம் சத்தமில்லை. சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். அப்பாவின் முகம் அப்படியே இருந்தது.

"காட்டு பாப்பா, பார்ப்போம்" என்றார்.

கைப்பேசியைத் திருப்பினேன். சன்னல் வழியாகத் தொட்டிகள், மேசைகள், தண்ணீர், வெயில். எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு கேட்டார்:

"வாசல்ல யாராச்சும் நிக்கிறாங்களா?"

எனக்குப் புரியவில்லை. "யாருப்பா?"

"பொம்பளைங்க. புள்ளைங்க."

பிறகுதான் சொன்னார். அதுவரை என்னிடம் சொல்லாத கதை. சம்பள நாளன்று பாட்டி கடைக்குள் போக மாட்டார். ஒன்பது வயதுப் பையனான அப்பாவை அனுப்புவார். அப்பா கள்ளுக்கடை வாசலில் நிற்க வேண்டும். தாத்தா மங்கை வாயில் வைக்குமுன் பார்த்துவிட்டால், சட்டைப் பையிலிருந்து ஏதாவது கிடைக்கும். இரண்டாவது மங்குக்குப் பிறகு பார்த்தால் அடி கிடைக்கும். அதனால் சீக்கிரமே போய் நிற்பாராம். இவரை மாதிரியே வரிசையாக ஏழெட்டுப் பிள்ளைகள். "நாங்க ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பார்க்க மாட்டோம்" என்றார் அப்பா.

நான் வாசலைப் பார்த்தேன். பிள்ளைத் தள்ளுவண்டிகள் மூன்று நின்றன. உள்ளே அவற்றின் பிள்ளைகள் அப்பாக்களின் மடியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தின்றுகொண்டிருந்தன.

"யாரும் நிக்கலப்பா" என்றேன்.

"சரி. வெளிச்சமா இருக்கே, அங்க மணி என்ன? நேரத்தோட ரூமுக்குப் போ" என்று வைத்துவிட்டார். திட்டவில்லை. எனக்குத்தான் கொஞ்ச நேரம் உள்ளே போக முடியவில்லை.

திரும்பிப் போகும் படகில் அம்மையாரிடம் அப்பாவின் கேள்வியைச் சொன்னேன். சுவீடனை மெச்சித்தான் சொன்னேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: "இங்கே வாசலில் யாரும் நிற்பதில்லை, உண்மைதான். இந்த விலைக்கு இங்கே வருபவர்கள் நிறுத்தத் தெரிந்தவர்கள். நிறுத்தத் தெரியாதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் குடிக்கிறார்கள். என் தம்பி அப்படித்தான். அவன் வீட்டு வாசலில் நான் நின்றிருக்கிறேன்."

அதற்குமேல் நாங்கள் பேசவில்லை. கரை வந்ததும் அவர் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கினார்.

அழகான கட்டடமும், நல்ல சட்டமும், கூடுதல் விலையும் பலரைக் காப்பாற்றும். எல்லாரையும் காப்பாற்றாது. இதை அந்த அம்மையார் சொல்லாமல் இருந்திருந்தால், வெளிநாடு போய் வந்த எல்லாரையும் போல நானும் 'அங்கே பாருங்கள், இங்கே பாருங்கள்' என்று எழுதியிருப்பேன். நம் தோட்டங்கள் போய்விட்டன. கள்ளுக்கடைகளும் பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் சம்பள நாளில் யாருக்காகவோ காத்திருக்கும் பிள்ளைகள் நம் அடுக்குமாடி வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நிற்பது வெளியில் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

ஊர் திரும்பிய அடுத்த மாதமே எங்கள் கம்பெனியில் விருந்து. வழக்கம்போல ஒருவர் கிளாஸை நீட்டினார். "வேண்டாம்" என்றேன். அவர் காரணத்துக்காகக் காத்திருந்தார். நான் சொல்லவில்லை. அவர் சற்று நேரம் பார்த்துவிட்டு, ஆரஞ்சு ஜூஸை எடுத்துக் கொடுத்தார். இவ்வளவுதானா என்று இருந்தது.

அந்த ஆலையில் கிளாஸுக்கு அடியில் வைக்கும் அட்டை ஒன்றைக் கொண்டுவந்திருந்தேன். அப்பாவிடம் காட்டலாமா என்று தயங்கி, கடைசியில் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இப்போது அவருடைய மைலோ குவளைக்கு அடியில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்குள் மதுக்கடை சம்பந்தமாக நுழைந்த ஒரே பொருள் அதுதான்.